பூஜைக்கு வந்த பென்டிரைவ்

மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் விஜயகுமாரி ஆறு வருஷமாகக் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறாள். அச்சரப்பாக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதுமே வாசலில் செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். சாப்பாட்டு டப்பாவையும் திறந்து காட்ட வேண்டும். புளிசாதத்துக்குள் ஹேக்கர் யாராவது ஒளிந்திருந்தால் என்ன செய்வது! வெளியிலிருந்து ஒரு குண்டூசி வந்தாலும் ஆபத்து என்று மேனேஜர் பார்த்தசாரதி மாதாமாதம் வகுப்பு வேறு எடுப்பார்.

ஆயுத பூஜையன்று அந்த ஞானமெல்லாம் கற்பூரத்தோடு கரைந்துபோனது. மைக்செட்காரரின் பெட்டி பாட மறுத்தது. பார்த்தசாரதி அவருடைய பென்டிரைவை வாங்கிக்கொண்டு நேராக விஜயகுமாரியின் மேஜைக்கு வந்தார். பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் கம்ப்யூட்டர் அங்கே சந்தனமும் குங்குமமுமாக மங்களகரமாய் உட்கார்ந்திருந்தது.

"சார், வெளி பென்டிரைவ் போடக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அட, சாமி பாட்டும்மா! இதுல என்ன வைரஸ் வரப்போகுது?" என்று அவரே சொருகினார். பாட்டு ஜோராக ஒலித்தது. பூசணிக்காய் உடைத்து, திருஷ்டி கழிந்த நிம்மதியில் எல்லோரும் பொரிகடலையோடு வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

விடுமுறை முடிந்து வந்தால், பென்டிரைவ் வழியே வைரஸ் ஏறி அத்தனை கம்ப்யூட்டரும் பூட்டிக்கொண்டு சிவப்பாக முறைத்தன. லேபிள் இல்லாமல் ஒரு பெட்டி வெளியே போகாது. வாசலில் லாரிகள் வரிசைகட்டி நின்றன.

பத்து மணிக்குப் பார்த்தசாரதி ஒரு காகிதத்தோடு வந்தார். கம்ப்யூட்டர் செத்துக் கிடந்ததால் பாவம், கையாலேயே எழுதியிருந்தார். 'வெளியாளான கான்ட்ராக்ட் ஊழியர் விஜயகுமாரி, அனுமதியின்றிப் பென்டிரைவ் சொருகியதால்...'

"உன் லாகின்லதானே எல்லாம் நடந்திருக்கு. பேசாம கையெழுத்துப் போடும்மா. வேற கம்பெனில சேர்த்துவிடச் சொல்றேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று நாள் முன்பு மைக் பிடித்து, "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று உருகிய வாய்தான் இது. அடுத்த மாதம் அவளை நிரந்தரம் செய்வதாகப் பேச்சு. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"போட மாட்டேன் சார்."

அதற்குள் கார் கம்பெனியிலிருந்து போன் வந்துவிட்டது. மதியம் ஒரு மணிக்குள் சரக்கு வராவிட்டால் ஆர்டரே கிடையாதாம். கையால் லேபிள் எழுதலாம்தான். ஆனால் எந்தப் பெட்டிக்கு எந்த நம்பர்? பட்டியல் பூட்டிய கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

"சார், நூத்திப்பத்து நம்பரும் நம்ம விஜயாக்காவுக்கு மனப்பாடமா கீது," என்றான் ஸ்டோர் ரமேஷ். "அது எய்திக் குட்த்தா வண்டி கெளம்பிடும்."

பார்த்தசாரதியின் குரல் வெண்ணெயாக உருகியது. "விஜயா, கொஞ்சம் எழுதிக் குடும்மா. கம்பெனி மானமே உன் கையிலதான் இருக்கு."

நீட்டிய மார்க்கரை அவள் வாங்கவில்லை. அவர் கொண்டுவந்த காகிதத்தைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"மொதல்ல நீங்க எய்துங்க சார். பென்டிரைவ யாரு சொருவுனதுன்னு. தேதி, கையெழுத்து எல்லாம் வோணும். அப்பால நான் எய்துறேன்."

வாசலில் லாரிகள் ஹார்ன் அடித்தன. அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுதினார். விஜயகுமாரி வாங்கிப் படித்தாள். 'யாரோ சொருகிவிட்டார்கள்' என்று இருந்தது.

"இன்னா சார் இது, யாரோவா? உங்க பேரு மறந்துட்ச்சா?"

பார்த்தசாரதி அதை அடித்துவிட்டு, தன் பெயரை இனிஷியலோடு எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரமேஷைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லி, காகிதத்தை மடித்துத் தன் பையில் வைத்த பிறகுதான் அவள் மார்க்கரைக் கையில் எடுத்தாள்.