தொகுதியைக் காப்பாற்ற வந்த கூட்டம்

உலக மக்களாட்சியின் வரலாற்றை என்றாவது ஒருவர் முழுசாக எழுத உட்கார்ந்தால், எங்கள் சட்டமன்றத் தொகுதிக்கு அதில் ஒரு பொன் அத்தியாயம் ஒதுக்கியே தீர வேண்டும். இதை நான் சொல்லவில்லை. எங்கள் உறுப்பினர் சொன்னார். அவருடைய அப்பாவும் சொன்னார். தாத்தா சொன்னபோது மட்டும் மைக் வேலை செய்யவில்லை.

அந்த அத்தியாயத்தின் சுருக்கம் இது. முதல் தேர்தலில் மர அறுவை மில் முதலாளி போட்டியின்றி வென்றார். எதிர்த்து நிற்க இருந்தவர் ஒரு பல் டாக்டர். அவர் மனுத் தாக்கல் செய்யக் கிளம்பிய காலையில், முதலாளியின் லாரி ஒன்று மரத்தோடு அவர் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு அச்சு முறிந்து நின்றது. மனு நேரம் முடிந்ததும் அச்சு தானாகவே சரியாகிவிட்டது. பிறகு எல்லை வகுக்கும் வேலையும் முதலாளி கைக்கே வந்தது. டாக்டரின் சொந்தக்காரர்கள் குடியிருந்த தெருக்களையெல்லாம் வளைந்து நெளிந்து ஒதுக்கிவிட்டுக் கோடு போட்டார். வரைபடத்தில் பார்த்தால் எங்கள் தொகுதி கொடியில் காயப்போட்ட கால்சட்டை மாதிரி இருக்கும். ஒரு கால் கொஞ்சம் நீளம். அந்தக் கால் நுனியில் முதலாளியின் தங்கை வீடு.

அடுத்து வந்தவர் முதலாளியின் மகன். இவர் கட்சி மாறுவதில் சமர்த்தர். மாறும்போதெல்லாம் வீட்டு கேட்டுக்குப் புதுக் கட்சியின் நிறம் அடிப்பார். பெயின்ட் ஏறி ஏறி, கடைசியில் கேட் மூடவே முடியாத அளவுக்குத் தடித்துப்போனது. "என் வீட்டுக் கதவு மக்களுக்காக எந்நேரமும் திறந்தே கிடக்கும்" என்று அவர் மேடையில் முழங்கியது அந்த வருஷம்தான்.

மூன்றாவது, பேரன். இன்றைய உறுப்பினர். ஊர் அவருக்கு வைத்த பெயர் அடிக்கல். கல் நடுவதில் மன்னன். நட்ட கல்லுக்கு மேல் இன்னொரு கல் ஏறியதாகத் தகவல் கிடையாது. மேம்பாலத்துக்கு நட்ட கல்லில் ஒருவர் மீன் வெட்டுகிறார். நூலகத்துக்கு நட்ட கல்லில் துணி துவைக்கிறார்கள். "மக்களுக்குப் பயன்படாத கல் ஒன்றையாவது காட்டுங்கள் பார்ப்போம்!" என்று அவர் சவால் விடுவார். உண்மையில் காட்ட முடியாது.

இப்படிப்பட்ட தொகுதிக்குத்தான் ஆபத்து வந்தது. வாக்காளர்கள் குறைந்துபோனார்கள், அதனால் இதைப் பாலத்துக்கு அந்தப் பக்கத்துத் தொகுதியோடு சேர்த்துவிடலாமா என்று எல்லை ஆணையம் யோசித்தது. அந்தப் பக்கத்து உறுப்பினர் அடிக்கல்லின் மச்சான், மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். இரண்டு பேரும் ஒரே கட்சி. கட்சித் தலைமை மழுப்பாமல் சொல்லிவிட்டது: தொகுதி ஒன்றானால் சீட்டு மச்சானுக்கு. அடிக்கல்லுக்கு இலக்கிய அணியில் ஏதாவது பார்க்கலாம்.

"இலக்கிய அணியாம்!" அடிக்கல் பனியனோடு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "நான் கடைசியா படிச்சது என் கல்யாணப் பத்திரிகை."

"அதையும் தப்பா படிச்சீங்க. முகூர்த்தத்துக்கு லேட்டா வந்தீங்க." மனைவி மேசையில் சட்டையை விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்கென்ன, உங்கண்ணன் ஜெயிச்சா உனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்."

"யாரு ஜெயிச்சா எனக்கென்ன? துணி தேய்க்கிறவளுக்குக் கட்சி ஏது? அது கிடக்கட்டும், நாளைக்கு ஆணையம் நடத்துற கருத்துக் கேட்புல உங்களுக்காக யாரு பேசப் போறா?"

"என் மக்கள்!" அவர் நின்றார். மேடை இல்லாத குறைதான். "ஒவ்வொரு முகமும் எனக்குத் தெரியும். முன் வரிசையில மீசைக்காரர் ஒருத்தர் உட்காருவாரே, அவருக்கு முழங்கால் வலி. பக்கத்துல தையல்காரம்மா, அவங்க பொண்ணுக்கு ரெட்டைப் பிள்ளை. எந்த உறுப்பினருக்குடி இதெல்லாம் தெரியும்? உங்கண்ணனைக் கேளு, வாயைப் பொளப்பார்."

மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அவங்கல்லாம் யாருன்னு நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? என் தொகுதியோட உயிர்நாடி."

சொல்லிவிடலாமா என்று அவள் ஒரு நொடி யோசித்தாள். அப்புறம் அண்ணன் ஞாபகம் வந்தது. காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அவள் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். தாத்தா காலத்தில், ஒரு பொதுக்கூட்டத்தின் நடுவில் எங்கள் ஆட்கள் நாலு பேர் எழுந்து, "சாக்கடையை எப்ப மூடுவீங்க?" என்று கேட்டுவிட்டார்கள். தொகுதி மக்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில் இப்படி ஒரு சங்கடம் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துபோனது. அதற்குப் பிறகு கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது நாற்காலிக்காரர் பொறுப்பு. நாற்காலி வாடகைக் கடை பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நாற்காலிகளை வண்டியில் ஏற்றும்போதே, அவற்றில் உட்கார அந்தத் தெரு ஆட்களையும் அவர் ஏற்றி அனுப்பிவிடுவார். "வெறும் நாற்காலிய அனுப்பினா கடைக்குக் கெட்ட பேருங்க" என்பது அவர் கொள்கை. தாத்தாவுக்கு இது தெரியும், அப்பாவுக்கும் தெரியும். பேரனுக்கு இந்த ஏற்பாடு மற்ற சொத்துகளோடு கைக்கு வந்தது. யாரும் உட்கார்த்தி வைத்து விளக்கவில்லை. உதவியாளர் போன் போடுவார், மண்டபம் நிரம்பும். காலையில் விடிவதற்கு யாராவது காரணம் கேட்கிறார்களா?

இந்தத் தடவையும் உதவியாளர் போன் போட்டார்.

"என்னங்க விசேஷம்?" என்றார் நாற்காலிக்காரர்.

"தொகுதியக் காப்பாத்துறோம்."

"அப்ப அழுற ஆளும் வேணுமே?"

"ரெண்டு வரிசை போடுங்க."

மறுநாள் நகராட்சி மண்டபம் வழிந்தது. ஆணையர் ஒரு கண்டிப்பான அம்மாள். மூக்குக் கண்ணாடி, வெந்நீர் பிளாஸ்க், பக்கத்தில் தட்டச்சுக்காரர். இரண்டு தொகுதிக்காரர்களும் பேசலாம் என்று அறிவித்துவிட்டு, முதலில் உறுப்பினரை அழைத்தார்.

அடிக்கல் கம்பீரமாக எழுந்தார். கூட்டத்துக்கும் அவருக்கும் நெடுநாள் பழக்கம்: அவர் கண்ணாடியைக் கழற்றினால் கைதட்ட வேண்டும், கைக்குட்டையை எடுத்தால் அழ வேண்டும். அன்றைக்குப் பார்த்து அவருக்குச் சளி.

"எங்கள் தொகுதியில் மொத்தம் நாற்பது தெருக்கள்..." என்று ஆரம்பித்து மூக்கைத் துடைத்தார். இரண்டு வரிசை விம்மியது.

ஆணையர் நிமிர்ந்து பார்த்தார். "தெருக்களுக்கு என்ன ஆச்சு?"

"உணர்ச்சி, மேடம்! அதுதான் எங்கள் ஒற்றுமை. நாங்கள் வேறு, பாலத்துக்கு அந்தப் பக்கத்தவர் வேறு. பேச்சு வேறு, பழக்கம் வேறு. அந்தப் பக்கத்துக் காற்றே எங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. இதோ, இந்த முகங்களைப் பாருங்கள்! இப்படி ஒரு முகத்தை அந்தப் பக்கம் உங்களால் காட்ட முடியுமா?" கண்ணாடியைக் கழற்றினார். கைதட்டலில் மின்விசிறி சத்தமே கேட்கவில்லை.

"மக்கள் பேசட்டும்," என்றார் ஆணையர்.

மீசைக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பல் டாக்டர் வீட்டு வாசலில் லாரி நின்றதிலிருந்து நூலகக் கல் வரைக்கும் வரலாற்றை மூச்சு விடாமல் ஒப்பித்தார். பிற்பாடு ஆணையத்தின் பதிவில் படித்த எங்களுக்கே உடம்பு சிலிர்த்தது. எங்களில் யாருக்கும் அதுவரை அதில் பாதிகூடத் தெரியாது.

"பிரமாதம். பதிவுக்கு விலாசம் சொல்லுங்க."

"பாலத்துக்கு அந்தப் பக்கம், மேடம். நாற்காலிக் கடைத் தெரு."

தட்டச்சுச் சத்தம் நின்றது. "அது வேற தொகுதியாச்சே?" என்றார் ஆணையர்.

"ஆமாங்க. ஆனா சின்ன வயசுலேர்ந்து இங்கதான் வந்துட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"உட்கார."

அடிக்கல் சிரிக்கப் பார்த்தார். "மேடம், அவர் வயசானவர், குழம்பிட்டார். தையல்காரம்மா, நீங்க சொல்லுங்க."

தையல்காரம்மா எழுந்தார். "அதே தெருதான் தம்பி. அவர் வீட்டுக்கு எதிர் வீடு."

"உங்க பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்க?" என்றார் ஆணையர்.

"எல்லாம் நம்ம தெருக்காரங்கதான். வேற யாரும் வண்டியில ஏறலியே." பிறகு ஆறுதலாகவும் சொன்னார்: "ஆனா எங்களுக்கு இந்தத் தொகுதின்னா உசிரு. இது இல்லாம எங்களால இருக்க முடியாது மேடம்."

அடிக்கல் மண்டபம் முழுக்கத் தேடினார். "இங்க என் தொகுதிக்காரங்க யாருமே இல்லியா?"

கடைசித் தூண் ஓரத்தில் நின்ற கோழிக்கடைக்காரர் கையைத் தூக்கினார். மண்டபத்துக் கழிப்பறை திறந்திருக்கிறதா என்று பார்க்க வந்தவர் அவர்.

"உங்க கருத்து என்ன?" என்றார் ஆணையர். "இந்தத் தொகுதி தனியா இருக்கணுமா, சேரலாமா?"

"எந்தத் தொகுதிங்க?"

"நீங்க இருக்கிற தொகுதி."

"ஓ, அது தொகுதியா? மழை பேஞ்சா தண்ணி நிக்குமே, அந்த இடமா?" அவர் யோசித்தார். "யாரோட சேர்த்தா தண்ணி வடியும்னு சொல்லுங்க, அவங்களோட சேர்த்துடுங்க." கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆணையர் பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

"என் பணிக்காலத்துல இப்படி ஒரு கருத்துக் கேட்பு நடந்ததில்ல. ஒரு தொகுதி மக்கள் பக்கத்துத் தொகுதி மேல இவ்வளவு பாசமா இருக்கிறதை நான் பார்த்ததே கிடையாது. அதோட வரலாறு முழுக்கத் தெரிஞ்சிருக்கு, அது போயிடுமோன்னு கண்ணீர் விடுறாங்க. இவங்களைப் பிரிச்சு வைக்க எனக்கு மனசு வரல. ரெண்டு தொகுதியும் ஒண்ணாகட்டும். அப்படித்தான் நான் பரிந்துரைக்கப் போறேன்."

அடிக்கல்லுக்கு நிஜமாகவே கண் கலங்கியது. கைக்குட்டையை எடுத்தார். இரண்டு வரிசையும் கடமை தவறாமல் அழுதது.

"ஒரு நிமிஷம் சார்," என்றார் ஆணையர், கோப்பைக் கட்டப் போனவர். "முதல்ல பேசினது நீங்க. உங்க விலாசம் கேட்க விட்டுப்போச்சு. பதிவுக்குச் சொல்லிடுங்க."

தட்டச்சுக்காரர் விரல்களைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அடிக்கல் கண்ணாடியைத் துடைத்தார், சட்டைக் காலரைச் சரிசெய்தார், விலாசத்தைச் சொன்னார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் குடியிருப்பது மாமனார் வீட்டு மாடியில். அந்த வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இதுவரை எல்லாத் தேர்தலிலும் அவர் ஓட்டுப் போட்டது மச்சானுக்கு.