'கேட் தூக்கியாச்சு' என்றொரு சட்டை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது சத்தியவேட்டிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில். முன்னால் நின்றிருந்தவரின் டி-ஷர்ட்டில் 'ஷிப்ட் முடிஞ்சிச்சி, பஸ் வரலை' என்று எழுதியிருந்தது. நானும் அந்த பஸ்ஸுக்காகக் கால் கடுக்க நின்றவன்தான். யார் அடித்தது என்று கேட்டேன்.

"பிச்சாட்டூர்ல பிரித்திகான்னு ஒரு பொண்ணு" என்றார்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதி என் சொந்தச் சரக்கு.

2

முதல் வரியை இப்படி எழுதினேன்: ஆரணியாற்றங்கரையில் கண் நிறையக் கனவுகளோடு ஓர் இளம்பெண்……

[நிறுத்திவிட்டேன். பிரித்திகா படித்தால் சிரிப்பாள். அவளுக்கு வேண்டியது ஆர்டர்.]

ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையில் சூடு வைத்து அச்சடிக்கும் ஹீட் பிரஸ் போட்டு டி-ஷர்ட் அடிக்கிறாள். ஊரில் எது நடந்தாலும் மறுநாள் சட்டையில் வந்துவிடும். தக்காளி விலை ஏறினால், மாலை போட்டுக்கொண்ட தக்காளி. செங்கம்மா வீட்டு எருமைக்கு முதல் பிறந்தநாள் என்றால், கூலிங் கிளாஸ் மாட்டிய எருமை.* முன்பக்கம் தமிழ், முதுகில் அதே சேதி தெலுங்கில். (எங்கள் பக்கம் பேச்சின் நடுவிலேயே பாஷை மாறும். சட்டையில் மாற, ஆள் திரும்பி நின்றால் போதும்.)

* எருமை என் கற்பனை. எழுதியபின் எனக்கே அந்தச் சட்டை ஒன்று வேண்டும்போல் இருக்கிறது.

3

பிச்சாட்டூர் டேம் நிறைந்து, ஆற்றில் தண்ணீர் விட கேட் தூக்கும் நாள் எங்களுக்குத் திருவிழா. மஞ்சள், குங்குமம், பூவோடு கரைக்கு ஓடுவார்கள். தண்ணீருக்குக் கற்பூரம் காட்டிவிட்டு செல்பி எடுப்பார்கள். கேட் சட்டை விற்பது அந்த ஒரு நாள்தான். ஆறிப்போன செய்தியை எவர் வாங்குவார்? அதனால் பிரித்திகா மேகத்தை நம்பி முன்கூட்டியே அடித்துவிட்டாள்: 'கேட் தூக்கியாச்சு'. கையிலிருந்த பனியன் அத்தனையிலும்.

அடித்து முடித்ததும் மழை நின்றுவிட்டது.

"வேலையும் வுட்டுட்ட, மானமும் போச்சி" என்று கத்தினார் அவள் அப்பா தங்கவேலு. "தூக்காத கேட்ட தூக்கியாச்சின்னு எழுதி வெச்சிக்கினு. ஊரே சிரிக்குது."

"இன்னும் ஒரு நல்ல மழை போதும் நைனா."

"வரலைன்னா?"

"வரலைன்னா மறுபடி ஸ்ரீசிட்டிக்கே போறேன். போதுமா?"

[இந்த அப்பாமீது எனக்குச் சந்தேகம். கத்துவதற்கென்றே கதைக்குள் வந்தவர்போல் இருக்கிறார்.]

5

(நான்கை எடுத்துவிட்டேன். அதில் மழை கொட்டியது. நான் பெய்யவைத்த மழையில் ஜெயித்தால் அவளுக்கு என்ன பெருமை?)

மறுநாள் காலை டேம் கரையில் தங்கவேலு நின்றார். லுங்கிக்கு மேல், வாழ்நாளில் முதன்முதலாக, டி-ஷர்ட். அதுவும் அந்த டி-ஷர்ட். கேட் மூடித்தான் இருந்தது.

டீக்கடை மோகன்ராஜ் அவர் முதுகைப் படித்தார். "எப்புடு எத்தாரு? தூக்கினத யாரும் சொல்லவே இல்லையே?" என்று தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார்.

"தூக்குவாங்க. என் பொண்ணு எழுதிக்கீறா இல்ல? தூக்காம எங்க போவாங்க?"

கூட்டம் சிரித்தது. தங்கவேலு எழுத்து மடியாமலிருக்க வயிற்றை எக்கிக்கொண்டார். சேதி கேட்டு பிரித்திகா ஓடிவந்தாள்.

"நைனா, கயட்டு. சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும். நீ போயி மோகன்ராஜுக்குப் பெரிய சைஸு ஒண்ணு எடுத்தா."

"நான் எங்கப்பா கேட்டேன்?" என்றார் மோகன்ராஜ்.

"கேப்ப."

பிரித்திகா அப்பாவின் பின்னால் போய் நின்றாள். அவர் முதுகில் சுருண்டிருந்த பனியனைக் கீழே இழுத்துச் சரிசெய்தாள்.

இதை நான் திட்டமிடவில்லை. அவரைக் கரைக்கு அனுப்பியது நான் இல்லை. எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். கத்துவதற்கு மட்டும் வைத்திருந்த மனிதர் இப்படி நிமிர்ந்து நின்றதில் எனக்கு ஒரே பெருமை. சொல்ல வெட்கமில்லை.

6

இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மழை வருகிறது, கேட் எழும்புகிறது, கரையெல்லாம் அவள் சட்டை. இன்னொன்றில் வானம் வெளுத்துவிடுகிறது, பிரித்திகா ஸ்ரீசிட்டி பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு……

இரண்டிலும் தங்கவேலு சட்டையைக் கழற்றவில்லை. எவ்வளவு எழுதிப் பார்த்தும் கழற்றவில்லை.

ஆகவே கேட்டைத் தூக்கும் பொத்தானை உங்களிடம் விட்டுவிடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம் முடிவெடுங்கள். அந்த மனிதர் இன்னும் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறார்.