மலாக்கியின் ஓட்டு

விடியுமுன்பே நகரசபையின் சாக்கடைக் குழிக்குள் இறங்கியிருந்தோம். பன்னிரண்டடி ஆழம். பூட்ஸுக்குள் நவம்பர் மாதத் தண்ணீர். மேலே வீசும் சேற்றில் பாதி முகத்தில் விழும். மண் சரியாமல் இருக்க இருபுறமும் பலகை அடித்திருந்தது. நகரசபை பணம் கொடுத்தது ஓக் பலகைக்கு. வந்தது பழைய மீன்பெட்டிப் பலகை. அனுப்பியவர் கவுன்சிலர் ஹாலிகனின் மைத்துனர்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு பலகை முறிந்தது. மண்ணில் புதைந்த மலாக்கி டியர்னியைக் கையாலேயே தோண்டிப் பிணமாக எடுத்தோம். அவன் மனைவி யூனா நஷ்டஈடு கேட்டுப் போனாள். அன்றைய வேலைப் பட்டியலில் அப்படியொரு பெயரே இல்லையாம். சனிக்கிழமைக்குள் வாடகை கட்டாவிட்டால் குழந்தைகளோடு அவள் தெருவில் நிற்க வேண்டும்.

எட்டு மணிக்கு ஹாலிகன் வந்தார். மறுநாள் தேர்தல். சேறு படாத தூரத்தில் நின்று எங்களை மேலே வரச் சொன்னார். ஆளுக்கொரு சீட்டு. சீட்டுக்கொரு பெயர்.

"உங்க பேர்ல ஒரு தடவ, சீட்டுல இருக்கற பேர்ல ஒரு தடவ. தலைக்கு ஒரு டாலர். விஸ்கி என் செலவு, பசங்களா."

என் பக்கத்தில் நின்ற டெர்மட் தன் சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தான். மறுபடி படித்தான்.

"ஐயா, இது மலாக்கி பேரு."

"ஆமா. ஓட்டர் லிஸ்ட்ல இன்னும் இருக்கு. வீணாக்கலாமா?"

"அந்த லிஸ்ட்ல இன்னும் சாகல. வேலை லிஸ்ட்ல மட்டும் பொறக்கவே இல்லியா?"

யாரோ சிரித்தார்கள். ஹாலிகன் சிரிக்கவில்லை.

"அயர்லாந்துலேருந்து பட்டினியா வந்து எறங்குனீங்களே, அப்ப யாருடா வேலை குடுத்தது?"

"குழி குடுத்தீங்க," என்றேன்.

"மத்தியானத்துக்குள்ள இருபது இத்தாலிக்காரன் இங்க நிப்பான். பாக்கறீங்களா?"

"பாக்கறோம். மொதல்ல மலாக்கி பேர வேலை லிஸ்ட்ல எழுதுங்க. யூனாவுக்குச் சேர வேண்டியதக் குடுங்க. நல்ல பலகை போடுங்க. அப்புறம் எறங்கறோம்."

சீட்டைத் திருப்பிக் கேட்டார். டெர்மட் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். நாங்கள் பத்தொன்பது பேரும் மண்மேட்டில் உட்கார்ந்தோம்.

மத்தியானம் இருபது இத்தாலிக்காரர்களும் மண்வெட்டியோடு வந்தார்கள். அவர்களில் மூத்தவன் குழிக்குள் இறங்கினான். பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறி வந்து ஏதோ சொன்னான். எங்களுக்குப் புரியவில்லை. ஹாலிகன் நின்ற திசையில் காறித் துப்பினான். அது புரிந்தது.

தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தோம்.

ஹாலிகன் வண்டியேறி போலீஸைக் கூப்பிடப் போனார். அவர்கள் வரும்போது நாங்கள் முப்பத்தொன்பது பேர்.