நானூற்று இருபத்தேழு கன அங்குலம்

கிளட்சை அடிவரை மிதிக்க வெர்னா இடுப்பையே முன்னால் தள்ள வேண்டியிருந்தது. சனிக்கிழமை காலை முழுவதும், ஷெட்டில் நின்ற காருக்குள் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். மிதி, கியர், விடு. இன்ஜினைக் கிளப்பவில்லை. ஊன்றுகோல்களில் தொங்கியபடி வாசலில் நின்ற அவள் கணவன் லியோன் பார்த்தும் பார்க்காதவன்போல் சிகரெட் பிடித்தான்.

வேலையிடத்தில் வார்ப்பிரும்பு சரிந்து, கிளட்சை மிதிக்கும் அவன் இடது கால் நொறுங்கியிருந்தது. மாவுக்கட்டைப் பிரித்தாலும் பழைய பலம் வராது என்று டாக்டர் சொன்ன அன்றே, இன்ஜினை டெல்மர் ப்ரூயிட்டுக்கு விற்பதாக வாக்குக் கொடுத்துவிட்டான். இரண்டிரண்டு வண்டிகளாக நேர்கோட்டில் பாயும் பந்தயத் தடத்தில் ஞாயிறுதோறும் அவனோடு மோதுகிறவன் ப்ரூயிட். திங்கட்கிழமை வந்து கழற்றிக்கொண்டு போவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் வந்த, நானூற்று இருபத்தேழு கன அங்குல வி-எட்டு இன்ஜின் அது. நானூற்று இருபத்தைந்து குதிரைச் சக்தி என்று கம்பெனி ஒட்டியிருந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் மிரளக் கூடாதென்று குறைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று கார் ஆலைகளின் ஊரான ஃப்ளின்ட்டின் மதுக்கடைகளில் பேசிச் சிரிப்பார்கள். இப்போது எழுபத்தொன்று. புகைச் சட்டம், ஈயமில்லாத பெட்ரோல் என்று புது இன்ஜின்களின் மூச்சை அடக்கத் தொடங்கிவிட்டார்கள். இப்படி ஒன்று இனி கடைக்கு வராது. இரண்டு குளிர்காலம் அவர்கள் இருவரும் அதைப் பிரித்துக் கோத்தார்கள். காற்றுப் பாதைகளைத் தேய்த்து அகலமாக்கியது லியோன். வால்வுகளின் இடைவெளியை ஒவ்வொன்றாகச் சரிசெய்தது வெர்னா. அவன் ஓட்டும்போது வேலியோரம் நிற்பவளுக்கு, மூன்றாவது கியரை அவன் சீக்கிரமே விட்டுவிடுவதாகத் தோன்றும். ஒருமுறையும் சொன்னதில்லை.

"ஒரே ஒரு தடவை ஓட்டிடறேன். அப்புறம் கழட்டிக்கட்டும்," என்றாள்.

"உன்னைத் தூக்கி அடிச்சிடும், வெர்னா."

"உன்னையும்தான் அடிச்சுது. நீ விட்டியா?"

 மறுநாள் காரை இழுத்துப்போகும் டிரக்கில் அவனும் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

சோளக்காட்டுக்கு நடுவே இருந்த அந்தத் தடத்தின் மேனேஜர் ஹோய்ட், சின்ன வண்டி என்றால் பரவாயில்லை, இந்த வகுப்பில் பொம்பளைகளை விட முடியாது என்றான். வெர்னா வாதாடவில்லை, வரிசையிலிருந்து வண்டியை எடுக்கவும் இல்லை. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். கடைசியில் பக்கத்து வண்டியிலிருந்து ப்ரூயிட்டே தலையை நீட்டினான்.

"விடுப்பா ஹோய்ட். நான் வாங்கப்போற இன்ஜினு. எப்படி ஓடுதுன்னு நானும் பார்க்கணும்ல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஹோய்ட் கையை விசிறிவிட்டு நகர்ந்துகொண்டான்.

பச்சை விளக்கு எரிந்ததும் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று புகைந்தன. ப்ரூயிட் ஒரு வண்டி நீளம் முன்னால் போய்விட்டான். அவள் காலைக் கொஞ்சம் தளர்த்தினாள். ரப்பர் தரையைப் பிடித்தது. முதுகு இருக்கையில் அறைந்தது. இரண்டாவது. மூன்றாவது. லியோன் வழக்கமாகக் கியர் மாற்றும் இடத்தை இன்ஜின் வேகம் காட்டும் முள் தொட்டது. கை தானாகக் கியர்க் கம்பிக்குப் போனது. ஆனால் வால்வு தடுமாறினால் வருகிற படபடப்பு சத்தத்தில் இல்லை. அவள் செய்த வேலை அது, அவளுக்குத் தெரியும். விடவில்லை. உறுமல் மெலிந்து நீண்ட ஒற்றைக் குரலானது. ப்ரூயிட்டின் கதவு, பிறகு முன்சக்கரம், பின்னால் நழுவின. அப்போதுதான் நாலாவதைப் போட்டாள்.

முடிவுக் கோட்டைத் தாண்டி பிரேக்கை மிதிக்கும்போதுதான், ஜெயித்தவருக்கு எரியும் விளக்கு தன் பக்கம் எரிவதைப் பார்த்தாள்.

நேரச் சீட்டை லியோன் வாங்கிப் பார்த்தான். அந்த வண்டியில் அவன் ஒருநாளும் எடுக்காத நேரம். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். முகம் சிவந்திருந்தது, வாழ்த்த வந்தவர்களிடம் தலையை மட்டும் ஆட்டினான்.

ப்ரூயிட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தான். "நாளைக்குக் காலையிலயே வந்துடறேன், லியோன். இப்பதான் இன்னும் ஆசையா இருக்கு."

வீடு திரும்பும்போது டிரக்கை வெர்னா ஓட்டினாள். அவன் வெளியே பார்த்தபடி வந்தான். வாக்கை மாற்றச் சொல்லிக் கெஞ்சப் போவதில்லை என்று அவள் காலையிலேயே முடிவு செய்திருந்தாள். அவனாகக் கேட்டால் மனதில் இருப்பதைச் சொல்வாள், அவ்வளவுதான். நெடுஞ்சாலை ஏறியதும் அவன் கேட்டான்.

"மூணாவதுல எவ்வளவு நேரம் பிடிச்ச?"

"வால்வு படபடக்கற வரைக்கும்னு பார்த்தேன்."

"படபடத்துச்சா?"

"இல்லை. இன்னும் வேகம் இருக்கு அதுக்குள்ள."

லியோன் ஜன்னல் கண்ணாடியை இறக்கினான். பின்னால் டிரெய்லரில் கட்டியிருந்த காரிலிருந்து வெந்த எண்ணெய் வாசனை உள்ளே வந்தது. குளிர்காற்று அவள் கழுத்தில் வெட்டியது. இரண்டு பேருமே கண்ணாடியை ஏற்றவில்லை.