வெள்ளையாக நின்ற நாடு

மடிக்கணினியை இன்னும் கொஞ்சம் சாய்க்கச் சொல்லித் தம்பி விரலை ஆட்டினான். அக்கா சாய்த்துப் பிடித்தாள். திரையில் உலக வரைபடம், ஒரு நாடு பாக்கியில்லாமல் பச்சை. நேற்று வரை வெள்ளையாக நின்று உயிரை வாங்கிய அந்தக் குட்டித் தீவு நாடும் இன்று காலையில் பச்சையாகிவிட்டது. படுக்கையில் கிடந்தவன் அதையே உற்றுப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தால் போதும் என்று அவள் காத்திருந்தாள்.

சிரிப்பு வந்தது. ஆனால் அது திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவனின் சிரிப்பு.

"அ... அ... அழி," என்றான்.

"எதை?"

"நீ போ... போட்டதை."

கல்லீரல் முழுசாகக் கைவிட்டுவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கும் தெரியும். சொத்து, சடங்கு என்று எதைப் பற்றியும் அவன் வாய் திறக்கவில்லை. அவனுக்கு இருந்தது ஒரே ஆசை, இந்தப் படம் முழுக்கப் பச்சையாக வேண்டும்.

பேச ஆரம்பித்த நாளிலிருந்து திக்குகிறவன் அவன். படித்து முடித்துக் கணினி நிரல் எழுதும் வேலைக்குப் போனான். வாயைத் திறக்காமல் பிழைக்க அதைவிட நல்ல வேலை கிடையாது. அங்கே இருந்துகொண்டுதான் தன்னைப் போன்றவர்களுக்காக ஒரு செயலி செய்தான். காதில் மாட்டிக்கொண்டு பேசினால் நம் குரலையே ஒரு துளி தாமதமாக நம் காதில் திருப்பிப் போடும். கூடவே ஒருத்தர் துணைக்குப் பேசுவது போலிருக்கும், பலருக்கு நாக்கு அவிழும். காசு வாங்காமல் இணையத்தில் போட்டுவிட்டான். எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் இறக்கிக்கொள்கிறார்கள், விளக்கக் குறிப்பை எந்த மொழியில் எடுக்கிறார்கள் என்று காட்ட இந்தப் படத்தையும் அவனேதான் செய்தான். கொஞ்சம் பேர் என்றால் இளம்பச்சை, நிறையப் பேர் என்றால் அடர்பச்சை, ஒருவரும் இல்லை என்றால் வெள்ளை. திக்குகிறவன் இல்லாத நாடே கிடையாது, நூறு பேருக்கு ஒருத்தன் இருந்தே தீருவான் என்பது அவன் கட்சி.

அந்தக் கட்சி தோற்றுத் தம்பி சாவதை அவளால் தாங்க முடியவில்லை. அவள் வீட்டுக்காரர் வெளிநாட்டுப் பந்தயங்களைப் பார்ப்பதற்காக, நாம் இருக்கும் நாட்டை மாற்றிக் காட்டும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் வைத்திருந்தார். காலையில் அதை வாங்கி அந்தத் தீவில் இருப்பது போலக் காட்டி, தம்பியின் செயலியைத் தானே இறக்கிவிட்டாள்.

"நான் எதையும் போடல."

"அந்தத் தீ... தீவுக்காரன் வி... விளக்கக் குறிப்பைத் தமிழ்ல எடுத்திருக்கான். யா... யாரு அந்தப் புண்ணியவான்?"

அவளுக்குச் சுருக்கென்றது. நாட்டை மாற்றத் தெரிந்தவளுக்கு மொழியை மாற்றத் தோன்றவில்லை.

"சரிடா, நான்தான். இப்ப என்ன? யாருக்குத் தெரியப் போவுது?"

"அங்க இருக்கிறவனுக்குத் தெரியும்," என்றான். ஒரு எழுத்துகூடச் சிக்கவில்லை. சில வாக்கியங்கள் அவனுக்கு இப்படி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். எது வரும் என்று அவனுக்கே தெரியாது.

அவன் சொல்லச் சொல்ல அவள் அழித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அழித்தாள். தீவு மறுபடி வெள்ளையாகிவிட்டது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அந்த நாட்டின் மீதே ஆத்திரமாக வந்தது.

"போ... போன் போடணும்."

"யாருக்கு?"

"அங்க."

"நம்பரை எடுக்கறேன். என்ன கேக்கணும்னு சொல்லு, நான் பேசறேன்."

பேச்சு அவளுடைய துறை. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பவள் அவள், வீட்டில் அவளுக்குப் பேரே ரேடியோ. கடையில், வங்கியில், மருத்துவரிடம், அவனுக்காக எங்கேயும் அவள்தான் பேசினாள். அவன் தொடங்கும் வாக்கியத்தை அவள் முடித்து வைப்பாள். பாதி நேரம் அவன் சொல்ல வந்தது வேறாக இருக்கும், அதையும் அவன் பொறுத்துக்கொள்வான். தொலைபேசியை அவன் தொடுவதே இல்லை. முதல் எழுத்து வருவதற்குள் எதிர்முனையில் வைத்துவிடுவார்கள்.

"நா... நான் பேசறேன். பெரிய ஓட்டலாப் பாரு. நூறு பேராவது வே... வேலை செய்யணும்."

தீவிலேயே பெரிய ஓட்டலைத் தேடிப் பிடித்து, தன் கைப்பேசியில் எண்ணை அழுத்தி, ஒலியைக் கூட்டித் தலையணை மேல் வைத்தாள். எடுத்தவள் ஒரு பெண், வரவேற்பில் இருப்பவள். அவன் "ஹ... ஹ..." என்பதற்குள் வைத்துவிட்டாள். மறுபடி போட்டார்கள். மறுபடியும் வைத்துவிட்டாள்.

மூன்றாம் முறை அக்காவுக்கு நாக்கு துருதுருத்தது. நடுவில் புகுந்து ஒரே மூச்சில் சொல்லி முடித்திருப்பாள். அவன் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினான். அவள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

"எ... எனக்குத் தி... திக்கும். வைக்காதீங்க," என்றான், அரைகுறை ஆங்கிலத்தில்.

வைக்கவில்லை.

"உங்க ஓட்டல்ல எ... என்ன மாதிரி யாராச்சும் இருக்காங்களா?"

அந்தப் பெண் யோசித்தாள். "சமையல்கட்டுல ஒருத்தர் இருக்கார். ஏன் கேக்கறீங்க?"

தம்பி அக்காவைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்வது. பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட அவன் அப்படிப் பார்த்ததில்லை. "கூ... கூப்பிடுங்க," என்றான்.

பாத்திரச் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ அழைத்தார்கள். அப்புறம் ஒன்றுமில்லை. நீளமாக ஒன்றுமில்லை.

"லைன் போயிடுச்சுடா," என்று அவள் கையை நீட்டினாள். அவன் அந்தக் கையைத் தட்டிவிட்டான். அவ்வளவு பலம் அவனிடம் பாக்கி இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"கட்டாகல. பே... பேசிட்டிருக்கான்."

காத்திருந்தார்கள். தேநீரோடு வந்த வீட்டுக்காரர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். தம்பி தலையணையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, அந்த அமைதியைப் பாட்டுக் கேட்பது போலக் கேட்டான். அப்புறம் அந்தக் கோடியிலிருந்து வந்தது.

"ஹ... ஹ... ஹலோ."

தம்பிக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு பேருமாக நாலு வார்த்தை பேச எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்கக் கூடாது. ஒருவரும் அவசரப்படவில்லை, ஒருவர் வாக்கியத்தை மற்றவர் முடித்து வைக்கவும் இல்லை. செயலி எங்கே கிடைக்கும் என்று இவன் எழுத்தெழுத்தாகச் சொன்னான், அவன் எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொன்னான்.

"இதை யா... யாரு செஞ்சது?"

"நான்," என்றான் தம்பி.

"பழகிப் பா... பார்க்கறேன். நாளைக்கு நா... நானே கூப்பிடறேன்."

அக்கா படத்தைப் புதுப்பித்தாள். வெள்ளை. மறுபடி புதுப்பித்தாள். வெள்ளை. தேநீர் ஆறிப் போனது. அடுத்த தடவை தீவு இளம்பச்சையாக வந்து நின்றது. அவள் அவசரமாக முதலில் பார்த்தது எந்த மொழியில் குறிப்பு எடுத்திருக்கிறான் என்றுதான். தமிழ் இல்லை. அவள் சத்தமாகவே சிரித்துவிட்டாள், வீட்டுக்காரர் கை தட்டினார்.

"ஜெயிச்சுட்டடா."

"பி... பின்ன?" என்றான் தம்பி.

வெயில் இறங்குவதற்குள் அவன் போய்விட்டான். படத்தைப் பார்த்தபடியே போனான் என்று சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். உண்மையில் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தபோது போனான். அவள் தட்டித் தட்டிப் பார்த்து, பிறகு போர்வையைச் சரிசெய்தாள்.

மறுநாள் எல்லாம் முடிந்து வந்தபின் கூடத்தில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அலுவலகத்துக்காரர்கள், "அதிகம் பேச மாட்டார், நல்ல மனுஷன்," என்று ஆளுக்கொரு தரம் சொன்னார்கள். அவளுக்குப் பொறுக்கவில்லை. மடிக்கணினியைக் கொண்டுவந்து எல்லோருக்கும் தெரியும்படி மேசைமேல் திறந்து வைத்தாள்.

"அவன் எத்தனை பேர்கிட்ட பேசியிருக்கான்னு பாருங்க," என்றாள். "ஒரு நாடு பாக்கி இல்ல. இதெல்லாம் அவன்தான்."

மேலாளர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தன் மகள் இருக்கும் நாட்டைத் தேடினார். அது அடர்பச்சையாக இருந்தது. "இது நம்ம ஆள் செஞ்சதா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். ஒவ்வொருவராக எழுந்து வந்து பார்த்தார்கள். துக்க வீடு என்பதையும் மறந்து அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அப்போது அவள் கைப்பேசி அடித்தது. நீளமான வெளிநாட்டு எண்.

"நே... நேத்தை விட எப்படிப் பேசறேன்?" என்றது அந்தக் குரல். "அ... அவர்கிட்ட குடுங்க. அவர் கேக்கணும்."

அவள் வாயைத் திறந்தாள். எந்தப் பேருந்து எங்கே நிற்கிறது, எது வராது என்று ஊருக்கே ஒரு தடவைகூடத் தடுமாறாமல் சொல்கிறவள். முதல் எழுத்து வரவில்லை. உதட்டைக் குவித்தாள், மூச்சை இழுத்தாள், மறுபடி குவித்தாள். கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேறு யாராக இருந்தாலும் இணைப்பு போய்விட்டது என்று வைத்திருப்பார்கள்.

அந்தப் பக்கம் பாத்திரங்கள் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் வைக்கவில்லை.