கடல் வரைக்கும் தரை

அத்தையைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவதில் யாருக்கும் சிரமம் இல்லை. கல் பாவிய நடைபாதை, இரண்டு பக்கமும் மரம், வரிசையாக பெஞ்சுகள் என்று கடற்கரைப் பூங்கா சக்கர நாற்காலிக்கென்றே கட்டியது போல இருக்கும். அந்த நடைபாதை முடிகிற இடத்தில்தான் சிரமம் ஆரம்பிக்கிறது. அதற்கப்புறம் மணல். சக்கர நாற்காலிக்கும் மணலுக்கும் ஏழாம் பொருத்தம்.

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டதிலிருந்து அத்தைக்கு நாற்காலிதான் கால். அதற்கு முன்னால் ஞாயிறு தவறாமல் சாயங்காலம் கடற்கரைக்குப் போய், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கணுக்கால் நனைய நின்றுவிட்டு வருவாள். மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருந்த காலத்திலும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, அந்தப் பழக்கத்தை அவள் விட்டதே இல்லை. கூட யாரையும் சேர்த்துக்கொள்ளவும் மாட்டாள். "வாரம் பூரா மனுஷங்களப் பாத்தாச்சு, அங்கயாவது தண்ணியப் பாக்கறேன்" என்பாள்.

இப்போது மூத்த மகன் காரோடு வந்து இறங்கியிருந்தான். கடலைப் படத்தில் மட்டுமே பார்க்க முடிகிற உள்நாட்டு ஊரில் அவனுக்குப் பெரிய வீடு. திங்கட்கிழமை காலையில் அம்மாவை அழைத்துக்கொண்டு போய் இனிமேல் தன்னோடே வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. சின்னவனும் அவன் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால் அம்மா பகல் முழுக்கத் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவன் கட்சி. அதில் பொய்யும் இல்லை.

அத்தை ஒரே பேச்சில் சம்மதித்ததுதான் சின்னவனின் மனைவியான மருமகளுக்குப் பொறுக்கவில்லை. எதையும் நாலு முறை மறுத்துவிட்டு ஐந்தாம் முறை யோசிக்கிற அத்தை, "சரி, வர்றேன்" என்றாளாம். ஏன் அத்தை என்று கேட்டதற்கு, ஜன்னலைக் காட்டினாள். காற்று அடித்தால் அந்த ஜன்னல் வழியாக அலைச் சத்தம் கேட்கும்.

"சத்தத்த மட்டும் கேட்டுக்கிட்டு எத்தன நாளைக்கு இருக்கறது? போக முடியாத கடல் பக்கத்துல இருந்தா என்ன, தூரத்துல இருந்தா என்ன. அங்கன்னா காதுலயாவது விழாது."

மருமகளுக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. மாமியாரும் மருமகளும் கொஞ்சிக் குலாவுகிற வீடு அல்ல அது. உப்பிலிருந்து துணி காயப்போடுகிற கயிறு வரைக்கும் இருவருக்கும் தகராறு உண்டு. ஆனால் வேலை முடிந்து கதவைத் திறக்கும்போது "வந்துட்டா பாரு தரைக்காரி" என்று உள்ளேயிருந்து குரல் வராத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அத்தை அவளுக்கு வேண்டும். அதற்குக் காரணம் சொல்லத் தெரியாது, வேண்டும், அவ்வளவுதான்.

தரைக்காரி என்று அத்தை பெயர் வைத்தது கேலிக்குத்தான். கண்காட்சிகள், மாநாடுகள் நடக்கிற பெரிய கூடங்களில் தற்காலிகத் தரை போடுவது மருமகளின் தொழில். ஒட்டுப்பலகைகளை ஒன்றோடொன்று கொக்கி மாட்டி, மட்டம் பார்த்து, மேலே விரிப்பைப் போட்டுவிட்டால் பளிங்குத் தரை தோற்றுப்போகும். கல்யாணமான புதிதில், "மண்டி போட்டுப் பிழைக்கிற வேல" என்று அத்தை உதட்டைப் பிதுக்கினாள். ஆனால் முதல் மாதமே அவள் முழங்காலைப் பிடித்துப் பார்த்து, "இப்படியே விட்டா நாப்பது வயசுல நீயும் என் வார்டுலதான் படுப்ப" என்று திட்டி, பஞ்சு வைத்து முழங்கால் உறை தைத்துக் கொடுத்ததும் அதே அத்தைதான்.

ஞாயிறு காலை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மருமகள் பேச்சை எடுத்தாள்.

"அத்தை, போறதுக்கு முன்னாடி இன்னிக்குச் சாயங்காலம் கடல்ல கால் நனைக்கப் போறோம்."

"நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிட்டா அஞ்சு நிமிஷ வேல" என்றான் மூத்தவன்.

அத்தை தட்டிலிருந்து கையை எடுத்தாள். "என்னைத் தூக்கற பேச்சே வேண்டாம். முப்பது வருஷம் ஜனங்களத் தூக்கிப் படுக்க வச்சவ நான். தூக்கறப்ப அவங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அத்தன பேர் முன்னாடி அந்த மூஞ்சியோட நான் கடலுக்குப் போகணும்னு இல்ல."

"யாரும் தூக்க வேண்டாம். நான் தரை போடறேன்" என்றாள் மருமகள்.

மூத்தவன் சிரித்தான். சின்னவன் சிரிக்கவில்லை. அவன் பஸ் ஓட்டுநர், மனைவியின் குரலில் எப்போது பிரேக் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அவள் அப்போதே டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிப்போய், நடைபாதை முடிகிற இடத்திலிருந்து அலை தொடுகிற இடம் வரைக்கும் அளந்தாள். இருமுறை அளந்தாள். பிறகு கிடங்குக்குப் போய் முதலாளியிடம் கேட்டு, அளவுக்குச் சரியாகப் பலகைகளை எண்ணி வேனில் ஏற்றினாள். ஒன்றுகூட அதிகம் இல்லை. மிச்சம் வருகிற மாதிரி எடுப்பது வேலை தெரியாதவர்கள் செய்வது என்பது அவள் கொள்கை.

சாயங்காலம் கடற்கரையில் நல்ல கூட்டம். முதல் பலகை மணலில் விழுந்ததும் பூங்காக் காவலாளி வேகமாக வந்தார்.

"என்னம்மா இது? இங்க கடை போடக் கூடாது."

"கடை இல்லங்க. தரை."

"தரை எதுக்கு?"

அவள் நாற்காலியைக் காட்டினாள். காவலாளி அத்தையைப் பார்த்தார். அத்தை அவரைப் பார்த்த பார்வையில் ஒரு வார்டே அடங்கிப்போன காலம் உண்டு. "ஆணி கீணி அடிக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்.

சும்மா சொல்லக்கூடாது, வேலை அழகாகப் போனது. அவள் மணலைக் கட்டையால் சமன் செய்து, பலகையை இறக்கி, கொக்கியை மாட்டி, மட்டம் பார்த்து, அடுத்ததற்கு நகர்ந்தாள். இரண்டு குழந்தைகள் பின்னாலேயே ஓடி வந்து குதித்துப் பார்த்தன. பலகை அசையவில்லை. அத்தை நடைபாதையில் இருந்தபடி, "அந்தப் பக்கம் கொஞ்சம் சரியுது பாரு" என்று மேற்பார்வை செய்தாள். சரியவெல்லாம் இல்லை. இருந்தாலும் மருமகள் ஒருமுறை தட்டிவிட்டாள்.

கடைசிப் பலகையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவள் பார்த்தாள். தண்ணீர் அங்கே இல்லை. நல்ல தூரம் தள்ளி, ஈர மணலுக்கு அப்பால், எதுவும் நடக்காதது போல அலையடித்துக்கொண்டிருந்தது.

கடல் ஏறும், இறங்கும் என்பது அவளுக்குத் தெரியாதா? கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்தவள், நன்றாகத் தெரியும். ஆனால் டேப்பைக் கையில் எடுத்த பிறகு அவளுக்கு உலகமே கூடம்தான். கூடத்தில் காலையில் அளந்த சுவர் சாயங்காலமும் அதே இடத்தில் நிற்கும். அந்தப் பழக்கத்தில், ஏறியிருந்த கடலைச் சுவர் மாதிரி அளந்துவிட்டு வந்திருக்கிறாள். தரை போடுகிறவளைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு தப்பு செய்யத் தோன்றாது.

சின்னவன் நாற்காலியைப் பலகைமேல் மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். பலகை முடிகிற இடத்தில் நாற்காலி நின்றது. அத்தை எதிரே இருந்த ஈர மணலைப் பார்த்தாள், பிறகு மருமகளைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"இதுக்குத்தான் சொன்னேன்" என்றான் மூத்தவன். "மிச்ச தூரம் தூக்கிடலாம்மா. பாதி வந்தாச்சு இல்ல?"

"வேண்டாம்" என்றாள் அத்தை. "இங்கருந்தே பாத்தாச்சு. போதும். திருப்புடா."

அந்தப் 'போதும்' மருமகளைச் சுட்டது. இப்போது நாற்காலி திரும்பினால் நாளைக் காலையில் காரும் கிளம்பிவிடும், அதற்குப் பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. ஈர மணல் கெட்டியாக இருக்குமோ என்று கையால் அமுக்கிப் பார்த்தாள். நாற்காலியின் முன்பக்கத்துக் குட்டிச் சக்கரங்கள் புதைந்துவிடும். பலகை வேண்டும். கிடங்கு இந்நேரம் பூட்டியிருக்கும். பலகை இருக்கிற ஒரே இடம் அத்தைக்குப் பின்னால்தான்.

அவள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தரைமேல் ஆள் நிற்கும்போது அந்தத் தரையில் ஒரு கொக்கியைக்கூடக் கழற்றக் கூடாது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவள் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். யோசித்துக்கொண்டு நின்றால் மனம் மாறிவிடும் என்று விறுவிறுவென்று நடைபாதைப் பக்கம் போய், முதலில் போட்ட பலகையின் கொக்கியைக் கழற்றினாள்.

"நாற்காலிக்கு பிரேக் போட்டுப் பிடிச்சுக்குங்க" என்று கணவனிடம் சொன்னாள். "அத்தான், நீங்க அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க. பின்னாடி இருக்கறத எடுத்து முன்னாடி போடப் போறோம்."

மூத்தவன் ஒரு நிமிடம் தயங்கினான். பிறகு மடிப்புக் கலையாத பேண்ட்டை முழங்கால் வரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டு வந்து பலகையைப் பிடித்தான். பாவம், நல்ல மனிதன்தான். பிடித்ததை ஒழுங்காகப் பிடித்தான்.

பலகைகள் ஒவ்வொன்றாகப் பின்னாலிருந்து முன்னால் வந்தன. ஒன்று சேர்ந்ததும் நாற்காலி ஒரு பலகை தூரம் நகரும். மறுபடி நிற்கும். சின்னவன் பஸ்ஸை நிறுத்தத்தில் நிறுத்துவது போலப் பொறுமையாக நிறுத்தி நிறுத்தி எடுத்தான். நடைபாதைப் பக்கம் மணல் மறுபடி வெறும் மணலாகிக்கொண்டே வந்தது. பாதி வழியில் மூத்தவன் திரும்பிப் பார்த்துத் திகைத்தான்.

"என்னம்மா இது, திரும்பிப் போறதுக்கு வழியே இல்லையே."

"திரும்பறதப் பத்தி இப்ப யாரு கேட்டா?" என்றாள் அத்தை. குரலில் பழைய வார்டு எட்டிப் பார்த்தது. "நீ பலகையப் பாத்துப் பிடி. விரல நசுக்கிக்காத."

கடைசிப் பலகை தண்ணீருக்குள்ளேயே போனது. ஆனால் தண்ணீர் அதைச் சும்மா விடவில்லை. முதல் அலை வந்து பலகையின் முனையைத் தூக்கிப் பார்த்தது. கூடத்தில் பலகை மிதக்காது, அதற்கு அவளிடம் தயாராக வழி எதுவும் இல்லை. அவள் பலகையின் முனையில் மண்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க" என்றாள்.

நாற்காலி வந்து நின்றது. சின்னவன் பிரேக்கைப் போட்டுவிட்டுப் பின்னால் இறுகப் பிடித்துக்கொண்டான். அத்தை கால்தாங்கியிலிருந்து ஒவ்வொரு காலாகத் தானே கையால் எடுத்துக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த அலை மருமகளின் முழங்காலை நனைத்துக்கொண்டு, பலகைமேல் வழிந்து, அத்தையின் பாதத்தை மூடியது.

இன்னொரு அலை வந்தது, இன்னொன்றும் வந்தது. அத்தையின் கால்விரல்கள் மெல்ல விரிந்து மடங்குவதை மருமகள் மிகப் பக்கத்திலிருந்து பார்த்தாள். நிமிர்ந்து அத்தையின் முகத்தைப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட யாரையும் சேர்த்துக்கொள்ளாதவள் என்பது ஞாபகம் வந்து, பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனம் நிறைந்திருந்தது. நாளைக்குப் போனாலும் சரி, இது நடந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். நினைத்த கையோடு அதை மாற்றிக்கொண்டாள். போனால் சரி இல்லை, எப்படிச் சொன்னாலும் சரி இல்லை.

"முழங்கால் உறை எங்க?" என்றது மேலேயிருந்து குரல்.

"வேன்ல இருக்கு அத்தை."

"வேனுக்கு எதுக்கு முழங்கால் உறை?"

மூத்தவன் கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான். அவனுக்கும் கால் நனைந்திருந்தது, முகம் இளகியிருந்தது. "நல்லா இருந்துச்சும்மா. இருட்டறதுக்குள்ள கிளம்பலாமா? காலையில சீக்கிரம் எழுந்திருக்கணும்."

அத்தை குனிந்து மருமகளின் தோளைத் தொட்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நாலு பலகை அதிகமா கொண்டா. காலையில வந்து அளக்காத. சாயங்காலமா வந்து அளந்துட்டுப் போ."

"அப்ப நாளைக்கு?" என்றான் மூத்தவன்.

"நாளைக்கு நீ பத்திரமாப் போயிட்டு வாப்பா. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு."

தரைக்காரிக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லை. அடுத்த அலை வந்துகொண்டிருந்தது. அவள் பலகையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.