லைல் எழுதாமல் விட்ட வழி

அமெரிக்காவில், ரீனோ என்ற சூதாட்ட ஊரில் லைல் ஹாகனின் பட்டறையில் சூதாட்ட இயந்திரங்களுக்கு நான் வயர் இணைத்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது, கண்ணுகளா. நல்ல மனிதர்தான். ஆனால் திருடர் பயம். சாப்பிடும்போதுகூட இயந்திர வரைபடத்தைக் கவிழ்த்து, அதன்மேல்தான் சாண்ட்விச்சை வைப்பார். வரைபட அலமாரியின் சாவி சட்டைப்பையைவிட்டு நகராது.

வரிசையாக நிற்கும் இயந்திரங்களில் ஏதோ ஒன்றுக்கு மட்டும் திடீரெனப் பெரும்பரிசு விழும். அது அவர் கண்டுபிடித்த வித்தை. காப்புரிமை எழுதும்போது, ‘பரிசுக்குரிய இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் கட்டுப்பாட்டு அமைப்பு’ என்பதோடு நிறுத்திவிட்டார். எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்று ஒரு வரி இல்லை. எங்கள் தொழிலில் அது வழக்கம்தான். வழியைச் சொன்னால் பக்கத்துப் பட்டறையில் அது ஓட ஆரம்பித்துவிடும்.

பிறகு ஒரு பெரிய நிறுவனம் அதே வித்தையை ஊரெங்கும் ஓட்டியது. லைல் வழக்குப் போட்டார். தோற்றால் பட்டறையை மூடவேண்டியதுதான்.

விசாரணை நாளன்று அவர் ஸ்டியரிங் பக்கமே போகவில்லை. நான்தான் காரை ஓட்டினேன். நீதிமன்ற வாசலில் அவருடைய வக்கீல் டெல்ஃபின் காத்திருந்தாள்.

“அந்த வரி மொட்டையா நிக்குது, லைல். எப்படின்னு கேப்பாங்க.”

“கேட்டா சொல்லிட்டுப் போறேன்.”

“இப்ப சொன்னா செல்லாது. அன்னிக்கே எழுதியிருக்கணும். படிச்சவன் செய்யற மாதிரி எழுதலைன்னா காப்புரிமையே ரத்து.”

“தொழில் தெரிஞ்ச எவனுக்கும் புரியும்னு சொல்றேன்.”

“எவனுக்கும் தெரிஞ்சதுன்னா நீங்க புதுசா என்னத்தக் கண்டுபிடிச்சீங்க? அடுத்த கேள்வி அதான்.”

லைல் குடிக்காத காபியைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே நடந்தார்.

உள்ளே, எதிர்த்தரப்பு வக்கீல் குரலையே உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“மிஸ்டர் ஹாகன், இந்தக் காப்புரிமையைப் படிச்சிட்டு எங்க ஆளு ஒருத்தர் உங்க மெஷினைச் செஞ்சிட முடியுமா?”

முடியும் என்று சொல்லுங்கள் என்று டெல்ஃபினின் கண்கள் கெஞ்சின. அடுத்த கேள்வியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். லைல் வியர்வையைத் துடைத்தார். திடீரென முதுகு நிமிர்ந்தது. தன் அலமாரியில் எவனோ கை வைத்துவிட்டதைப் போல அந்த வக்கீலை முறைத்தார்.

“முடியாது. முடியக் கூடாதுன்னுதானே அப்படி எழுதினேன்.”

வக்கீல் நன்றி சொல்லி உட்கார்ந்துகொண்டார். நீதிபதி எதையோ குறித்துக்கொண்டார். டெல்ஃபின் வழக்கு ஃபைலை மெதுவாக மூடினாள்.

திரும்பும் வழியெல்லாம் லைல் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். சாவி பத்திரமாக இருந்தது.